தோற்ற ஆட்டத்தை வாசிப்பது எப்படி: சதுரங்க நோட்டு முதல் வீட்டு முடிவுகள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சதுரங்கம் ஆடினால் பிள்ளைக்குப் புத்தி கூர்மையாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர் பாளையங்கோட்டையில் ஏராளம். வெறுமனே ஆடிக்கொண்டிருந்தால் கூர்மையாவது சதுரங்கம் மட்டும்தான். ஆடி முடித்த ஆட்டத்தை உட்கார்ந்து வாசிக்கிறவருக்குத்தான் மற்றது கிடைக்கும்.

வார இறுதிகளில் சிறுவர்களுக்கும், ஓய்வுபெற்ற சில பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வயது எதுவானாலும் தடுக்கி விழும் இடங்கள் ஒன்றுதான். அந்த இடங்களை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். காய்களை நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு இது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நான்காவது வேலைக்கு முன்னால் ஏழாவதைச் செய்தால் நோட்டு நிறையும். மண்டையில் ஒன்றும் நிற்காது.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

உண்மையான பலகையும் காய்களும் வேண்டும். போனில் ஆடுவது ஆடுவதற்குப் போதும், வாசிப்பதற்குப் போதாது. ஒரு காயைக் கையால் எடுத்துப் பழைய கட்டத்தில் திரும்ப வைக்கும்போதுதான் "இங்கே வேறு என்ன செய்திருக்கலாம்?" என்ற கேள்வி எழுகிறது. விரலால் திரையைத் தள்ளினால் அடுத்த ஆட்டத்துக்குத்தான் மனம் ஓடும்.

கோடு போட்ட நோட்டு ஒன்று. பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: வெள்ளையின் நகர்வு, கறுப்பின் நகர்வு, மீதி நேரம், காரணம். கடைசிப் பத்திதான் அகலமாக இருக்கவேண்டும். ஆட்டத்தின்போது அது காலியாகவே இருக்கும். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். பென்சில் இருந்தால் ஆட்டம் முடிந்தபின் காரணத்தை அழகுபடுத்தத் தோன்றும்.

கடிகாரத்துக்குப் போன் செயலி போதும். ஒருவருக்கு 30 நிமிடமாவது வையுங்கள். மூன்று நிமிட ஆட்டத்தில் வாசிக்க ஒன்றுமில்லை. அதில் ஆடியது கை.

எதிராளி உங்களைவிடக் கொஞ்சம் தேர்ந்தவராக இருக்கட்டும். மிகவும் தேர்ந்தவர் என்றால் எங்கே தோற்றோம் என்பதே தெரியாது. தம்பியையே தினமும் தோற்கடித்துக்கொண்டிருந்தால் எழுத விஷயமே கிடைக்காது.

2. எழுதிக்கொண்டே ஆடுங்கள்

நிதான ஆட்டப் போட்டிகளில் நகர்வுகளை எழுதுவது கட்டாயம். வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். முதலில் நகர்த்துங்கள், கடிகாரத்தை அழுத்துங்கள், பிறகு எழுதுங்கள். ஒருகாலத்தில் பலர் எழுதிவிட்டு நகர்த்தினார்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் இன்றைய விதி அதை அனுமதிப்பதில்லை. வீட்டில் பழகியது போட்டியிலும் கையில் வந்துவிடும் என்பதால் முதல் நாளிலிருந்தே சரியான வரிசை வேண்டும்.

புதியவர்கள் இங்கே மூன்று தவறுகள் செய்கிறார்கள். குதிரைக்கு ஆங்கில எழுத்து 'கே' போடுகிறார்கள்; அது ராஜாவுக்குரியது, குதிரைக்கு 'என்'. இரண்டு குதிரைகளும் ஒரே கட்டத்துக்குப் போக முடியும்போது எந்தக் குதிரை போனது என்று குறிப்பதில்லை. இரவில் நோட்டைத் திறந்தால் ஆட்டம் பாதியில் நின்றுவிடும். மூன்றாவதுதான் பெரிய தவறு. நெருக்கடி வந்ததும் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். 19 நகர்வு வரை மணிமணியான கையெழுத்து, அதற்கப்புறம் வெற்றுத்தாள். ஆட்டம் போனது அந்த வெற்றுத்தாளில்தான்.

மீதி நேரத்தை ஐந்து நகர்வுக்கு ஒருமுறை குறித்தால் போதும். ஒரு மாணவனின் தாளில் ஐந்தாவது நகர்வுக்குள் 11 நிமிடம் கரைந்திருந்தது. மனப்பாடமாகத் தெரிந்த தொடக்கம் அது. 24-ஆவது நகர்வில், ராணியைக் கொடுத்து ராணியை எடுக்கலாமா என்ற இடத்தில், அவன் செலவிட்டது அரை நிமிடம்கூட இல்லை. போன் வாங்க மூன்று வாரம் விசாரித்துவிட்டு, கடன் பத்திரத்தில் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களை நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பழக்கத்தை எண்களாகக் காட்டுவது இந்த ஒல்லியான பத்திதான்.

3. ஆட்டம் முடிந்ததும் எதிராளியை எழுந்திருக்க விடாதீர்கள்

பத்து நிமிடம் போதும். அவரிடம் இரண்டே கேள்விகள்: "எந்த இடத்தில் நீங்கள் கவலைப்பட்டீர்கள்?" "என்னுடைய எந்த நகர்வு உங்களுக்கு வசதியாகப் போயிற்று?" நாம் பயந்த இடமும் அவர் பயந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. வீட்டில் கணினியைக் கேட்டால் நல்ல நகர்வைச் சொல்லும். எதிரே இருந்தவர் என்ன நினைத்தார் என்பதை அது சொல்லாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போட்டி முடிந்து புதிய பேருந்து நிலையம் போகிற வழியிலேயே "அந்தக் குதிரையை ஏன்டா நகர்த்தினாய்?" என்று ஆரம்பிக்காதீர்கள். பையன் பதில் சொல்லுவான், ஆனால் அது உங்களைச் சமாதானப்படுத்தத் தயாரித்த பதிலாக இருக்கும். இரவில் நோட்டில் எழுதுவதும் அதே பொய்யாகத்தான் இருக்கும்.

4. அன்றைக்கே காரணப் பத்தியை நிரப்புங்கள்

ஒவ்வொரு நகர்வுக்கும் தேவையில்லை. யோசித்து நகர்த்திய இடங்களுக்கு மட்டும் ஒரு வரி: அப்போது என்ன நினைத்தேன்? இப்போது என்ன நினைக்கிறேன் என்பது அல்ல. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தாலே இரண்டும் கலந்துவிடும். அதனால்தான் அன்றைக்கே.

நன்றாக எழுதப்பட்ட காரணம் பார்க்க அசடாகவே இருக்கும். "யானை சும்மா நின்றது, அதனால் நகர்த்தினேன்." "அவன் சிரித்தான், எரிச்சலில் வெட்டினேன்." இவை தங்கம். "நடுக்கட்டங்களைக் கட்டுப்படுத்தும் நோக்கில்" என்று எழுதினால் அது எங்கோ படித்தது. அடித்துவிட்டு யோசித்து எழுதச் சொல்லுவேன்.

கணினி இன்னும் மூடியே இருக்கட்டும். விடையைப் பார்த்தபின் யாராலும் தன் பழைய நினைப்பை நேர்மையாக எழுத முடியாது. எல்லாருக்கும் "அதைத்தான் நானும் நினைத்தேன்" என்றே தோன்றும்.

5. கடைசியிலிருந்து பின்னோக்கி நடந்து திருப்பத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியின் நடு இடம் இது. கொஞ்சம் மெதுவாகப் போகலாம்.

தோற்றவரிடம் எங்கே தோற்றீர்கள் என்று கேட்டால் கடைசி நகர்வைக் காட்டுவார், இல்லையென்றால் முதல் நகர்வையே குறைசொல்லுவார். இரண்டும் அனேகமாகத் தவறு. செய்யவேண்டியது இதுதான்: முடிந்த நிலையிலிருந்து உங்கள் நகர்வுகளை ஒவ்வொன்றாகப் பின்னால் எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் "இங்கே வேறு ஒன்றை ஆடியிருந்தால் தப்பித்திருப்பேனா?" என்று கேளுங்கள். முதன்முதலில் "ஆம்" என்று வருகிற இடம்தான் திருப்பம்.

எல்லாப் புதியவர்களும் ஒருமுறையாவது தோற்கிற ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். (கட்டங்களின் பெயர், வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை.) வெள்ளை சிப்பாயை ஈ4-க்கு வைக்கிறது, கறுப்பு ஈ5. வெள்ளை ராணி எச்5-க்குப் பாய்கிறது. கறுப்பு குதிரையைச் சி6-இல் வைத்து ஈ5 சிப்பாயைக் காக்கிறது. வெள்ளை பிஷப் சி4-க்கு வருகிறது. கறுப்பு தன் மூன்றாவது நகர்வாக இன்னொரு குதிரையை எஃப்6-க்கு எடுக்கிறது. வெள்ளை ராணி எஃப்7 சிப்பாயை வெட்டுகிறது. செக்மேட்.

மேலப்பாளையத்திலிருந்து வருகிற ஒரு சிறுவன் இதே ஆட்டத்தில் தோற்றுவிட்டு, "ஈ5 ஆடியிருக்கவே கூடாது சார்" என்றான். பலகையில் பின்னோக்கிப் போனோம். மேட் ஆனபின் செய்ய ஒன்றுமில்லை. ஒரு நகர்வு பின்னால் வந்து, குதிரையைத் திரும்ப வைத்து, வேறு என்ன ஆடலாம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜி7 சிப்பாயை ஜி6-க்குத் தள்ளினான். ராணிக்கும் எஃப்7-க்கும் நடுவில் சுவர் வந்துவிட்டது, ராணியும் தாக்கப்படுகிறது. ஆகத் திருப்பம் மூன்றாவது நகர்வுதான். முதலிரண்டு நகர்வுகளில் ஒரு குற்றமும் இல்லை.

பிறகு காரணப் பத்தியைப் பார்த்தோம். "ராணியைத் துரத்தினேன்" என்று எழுதியிருந்தான். உண்மைதான், குதிரை எஃப்6-க்கு வந்தால் ராணியைத் தாக்குகிறது. தன் நகர்வு என்ன செய்யும் என்று அவன் சரியாகவே பார்த்திருக்கிறான். பிஷப் வந்ததால் என்ன மாறியது என்பதைத்தான் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு படி போங்கள். ஜி6-க்குப் பிறகு வெள்ளை ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி எஃப்7-ஐக் குறிவைக்கும். அப்போது சரியான பதில் எது தெரியுமா? அதே குதிரை, அதே எஃப்6. ஒரு நகர்வுக்கு முன்னால் ஆட்டத்தையே கொடுத்த நகர்வு, ஒரு நகர்வு தள்ளி ஆட்டத்தைக் காக்கிறது. "குதிரையை எஃப்6-க்கு ஆடாதே" என்று பையன் நோட்டில் எழுதியிருந்தால் தப்பான பாடத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பான். பின்னோக்கி நடக்காமல் எழுதுகிற பாடங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன.

6. தவறுக்கு வகை போடுங்கள்

திருப்பம் கிடைத்ததும் அதற்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதுங்கள். நான்கு வகை போதும். கூடினால் யாரும் தொடர்ந்து செய்வதில்லை.

"பார்க்கவில்லை": எதிராளியின் மிரட்டல், அல்லது அவர் தந்த வாய்ப்பு, கண்ணிலேயே படவில்லை.

"எடை": பார்த்தேன், ஆனால் முடிவில் யாருக்கு லாபம் என்று தப்பாகக் கணக்குப் போட்டேன்.

"அவசரம்": நேரம் இருந்தும் யோசிக்கவில்லை.

"பிடிவாதம்": திட்டம் செத்துப்போனது தெரிந்தும் அதையே தொடர்ந்தேன்.

முதல் வகை பெரியவர்களையும் விடாது. 2014 நவம்பரில் சோச்சியில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். 26-ஆவது நகர்வில் கார்ல்சன் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார். அது பெரும் பிழை. ஆனந்த் குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். அவரோ தன் போக்கில் ஏ4-க்குச் சிப்பாயைத் தள்ளினார். அந்த ஆட்டத்தைக் கார்ல்சன் வென்றார்.

இதற்கு நேர்மாறு 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷும் டிங் லிரெனும் மோதிய உலகச் சாம்பியன் போட்டியின் கடைசியான 14-ஆவது ஆட்டம், சமனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்வில் டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை மாற்றிக்கொள்ள முன்வந்தார். குகேஷ் அதன் பொருளை உடனே கவனிக்கவில்லை. வேறு நகர்வு ஒன்றை ஆட இருந்ததாக ஆட்டம் முடிந்தபின் அவரே சொன்னார். ஆனால் நின்று பார்த்தார். யானைகள் வெட்டுப்பட்டால், ஏ8 மூலையில் நிற்கிற டிங்கின் பிஷப்பால் அடுத்த மாற்றத்திலிருந்து தப்ப முடியாது. பிஷப்புகளும் போய், ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும். அதில் குகேஷின் கூடுதல் சிப்பாய் வென்றுவிடும். அப்படியே நடந்தது, 58-ஆவது நகர்வோடு டிங் ஒப்புக்கொண்டார்.

காய் மாற்றத்தை இந்த ஆட்டத்தை வைத்துத்தான் சொல்லித்தருகிறேன். சமத்துக்குச் சமம் கொடுத்து வாங்கினாலும் பலகை பழைய பலகையாக இருக்காது. மாற்றியபின் மிச்சமிருப்பதை எண்ணிவிட்டுத்தான் மாற்றவேண்டும்.

பத்து ஆட்டமாவது வகை போட்ட பிறகு பக்கங்களைப் புரட்டுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்திருக்கும். பெரியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது "பிடிவாதம்".

7. இப்போது கணினியைத் திறக்கலாம்

நீங்கள் குறித்த திருப்பமும் கணினி காட்டுவதும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். வேறாக இருந்தால் அந்த நிலையைப் பலகையில் வைத்து, ஏன் என்று தெரியும்வரை நகர்த்துங்கள். எண்களைப் பார்த்து நொந்துகொள்ளவேண்டாம். கணினி சொல்கிற நகர்வின் காரணத்தை உங்கள் வாயால் சொல்ல முடியவில்லை என்றால் அது இப்போதைக்கு உங்களுக்கானது அல்ல.

8. ஒரே ஒரு கேள்வியை அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோங்கள்

ஆட்டத்துக்கு ஏழெட்டுப் பாடம் எழுதுகிறவர்கள் உண்டு. கடிகாரம் ஓடும்போது ஏழெட்டும் நினைவுக்கு வராது. அதிகம் வந்த வகையிலிருந்து ஒரே ஒரு கேள்வி எடுத்து, அடுத்த நோட்டுப் பக்கத்தின் தலையில் எழுதுங்கள். "பார்க்கவில்லை" என்றால்: "அவர் நகர்த்தியதால் என்ன மாறியது?" "பிடிவாதம்" என்றால்: "இந்த நிலையை இப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறேன் என்றால் என்ன ஆடுவேன்?" அந்த வகை அரிதாகிறவரை கேள்வியை மாற்றாதீர்கள்.

9. அதே நோட்டை வீட்டு முடிவுகளுக்கு விரியுங்கள்

இது தானாக நடக்காது. இங்கிலாந்தில் சுமார் 100 பள்ளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. 30 மணி நேரம் சதுரங்கம் கற்ற பிள்ளைகளை ஓராண்டு கழித்துச் சோதித்தபோது, கற்காதவர்களைவிடக் கணக்கில் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. 1973-இல் சேஸ், சைமன் என்ற இருவர் செய்த சோதனையும் இதை ஒட்டியதே. உண்மையான ஆட்ட நிலையைச் சில நொடி காட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் அப்படியே திரும்ப அடுக்குவார். கண்டபடி இறைத்த காய்களைக் காட்டினால் அவரும் புதியவரைப் போலவே திணறுவார். பலகையில் வளர்ந்த திறமை பலகையோடுதான் நிற்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோக முடிவது எழுதி வாசிக்கும் பழக்கத்தை.

எல்லாவற்றையும் எழுதாதீர்கள். போட்டால் திரும்ப எடுக்க முடியாத பணம், ஓராண்டுக்குமேல் கட்டிப்போடுகிற வேலை அல்லது படிப்பு, இன்னொருவருக்குக் கொடுக்கிற வாக்கு: இந்த மூன்றும் போதும். முடிவெடுத்த அன்றே ஐந்து வரிகள்: தேதி, என்ன முடிவு, வேறு என்ன வழிகள் இருந்தன (குறைந்தது இரண்டு), காரணம், எது நடந்தால் மனத்தை மாற்றிக்கொள்வேன்.

சதுரங்கத்துக்கும் வீட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே வருகிறது. பலகையில் எல்லாக் காய்களும் கண்முன் நிற்கின்றன, அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. தோற்றால் எங்கோ தப்பு செய்திருக்கிறோம் என்பது உறுதி. வெளியே அப்படியில்லை. நல்ல முடிவு நட்டத்தில் போகும். மோசமான முடிவு லாபம் தரும். விளைவை மட்டும் வைத்துப் பாடம் எடுத்தால் ஏமாந்துபோவோம்.

எங்களிடம் ஆட வருகிற பெரியவர் ஒருவருக்குப் பாளையங்கால்வாயின் கடைமடையில் வயல். ஒரு ஜூன் மாதம் கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவுவதா, நிலத்தைப் போட்டுவைத்துவிட்டு அடுத்த நெல் பருவமான பிசானத்துக்குக் காத்திருப்பதா என்ற கேள்வி. பாபநாசம் அணையின் முழுக்கொள்ளளவு 143 அடி. தென்மேற்குப் பருவமழை கைகொடுத்து அணை ஏறினால்தான் கடைமடைவரை கார் நெல்லுக்குத் தண்ணீர் வரும். அவர் பாவினார். மழை பெய்தது, நெல்லும் நன்றாகவே வந்தது.

அறுவடைக்குப் பிறகு நோட்டை விரித்தார். காரணம் என்ற இடத்தில் "பக்கத்து வயல்காரர் பாவிவிட்டார்" என்று இருந்தது. வேறு வழிகள் என்ற இடம் காலி. அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்ற பேச்சே இல்லை. "ஜெயித்த ஆட்டம்தான், ஆனால் வகை 'அவசரம்'" என்று அவரே போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு அணையின் மட்டத்தை மே கடைசியிலிருந்தே நாளிதழ் பார்த்து எழுத ஆரம்பித்தார். எத்தனை அடிக்குக் கீழே இருந்தால் பாவுவதில்லை என்பதையும் முன்கூட்டியே குறித்துவைத்தார். நோட்டு இல்லாதிருந்தால் அந்த நெல் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது "பக்கத்து வயலைப் பார்த்துச் செய்" என்பதைத்தான்.

வாசிக்கும் நாளையும் அப்போதே குறியுங்கள். வயல் என்றால் அறுவடை முடிந்த வாரம், படிப்பு என்றால் முதல் பருவத்தேர்வு முடிந்தபின். நாள் குறிக்காத நோட்டை யாரும் திறப்பதில்லை.

10. பலகையிலிருந்து எடுத்துப்போகக் கூடாதவை

எதிரே இருப்பவர் எப்போதும் எதிராளி என்ற நினைப்பு. பலகையில் அவருக்குக் கிடைக்கிற ஒவ்வொரு அரைப் புள்ளியும் நம்மிடமிருந்து போனது. வீட்டிலும் கடையிலும் இருவரும் சேர்ந்து ஆதாயமடைய வழி உண்டு. அதைத் தேடுகிற பழக்கத்தைச் சதுரங்கம் கற்றுத்தராது.

தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதி. பலகையில் அது கையைக் கட்டுப்படுத்தும். வெளியே, முன்பணம் கொடுத்துவிட்டோமே என்பதற்காக மோசமான இடத்தை வாங்கி முடிப்பது இதே விதியைத் தப்பான இடத்தில் போடுவதுதான். முன்பணம் போனால் போகட்டும் என்று எழுந்து வரலாம்.

கடைசியாக, நோட்டு உங்களுடையது. அதில் உங்கள் நகர்வுகள் மட்டும்தான் வரவேண்டும். மகன் எடுத்த முடிவு, மனைவி எடுத்த முடிவு, சம்பந்தி எடுத்த முடிவு என்று வகை போட ஆரம்பித்தார் எங்கள் ஆட்டக்காரர் ஒருவர். தீபாவளிக்கு வீடு ஒதுங்கவைத்தபோது அந்த நோட்டு பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. யார் போட்டது என்று அவர் விசாரிக்கவில்லை. புது நோட்டில் ஒழுங்காக எழுதுகிறார்.